மாடிப்படியும் மேற்படிப்பும்

இரட்டைப்புலவர் வரலாற்றை வகுப்பிலே சொல்லி மகிழாத தமிழாசிரியர் எவரும் இரார். ஒருவருக்குக் கால் வழங்கவில்லை. மற்றவருக்குக் கண் இல்லை. கண் இல்லாதவர் தோளிலே சுமந்தார். கால் வழங்காதவர் வழி சொன்னார். பாட்டின் முற்பாதியை ஒருவர் தொடங்க, பிற்பாதியை மற்றவர் முடித்தார். தில்லைக் கலம்பகம் அவ்விருவர் வாயிலிருந்து பிறந்தது என்றதும் பின்வாங்கில் இருக்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். அடுத்து அந்தகக்கவி வீரராகவ முதலியார் வருவார். பிறர் அவர் முதுகிலே விரலால் எழுதிக் காட்ட, அவர் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார் என்பது வழிவழி வந்த செய்தி. பழநி மாம்பழக் கவிச்சிங்க நாவலரோ மூன்றாம் வயதில் அம்மை நோயாற் பார்வை இழந்து, பின் சேதுபதி அவையிலே சிங்கமென விளங்கியவர்.

இக்கதைகளைச் சொல்லும்போது நாம் புலவரின் மனத்திட்பத்தைப் புகழ்கின்றோம், அது தக்கதே. ஆனால் முதுகிலே எழுத்தை எழுதிக் காட்டினார் ஒருவர் இருந்தார் அன்றோ? அவர் பெயரை எவரும் கேட்பதில்லை. ஏட்டைக் காணமாட்டாத பிள்ளைக்கு ஏட்டை நீட்டிப் பயனில்லை என்று கண்டு, கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்ட ஆசிரியர் அவர். இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது புலவரைப் பற்றியன்று. அந்த ஆசிரியரைப் பற்றியே.

கண் பார்வை குன்றியும், செவி கேளாமலும், கை கால் வழங்காமலும் இருக்கின்ற பிள்ளைகள் நம் பாடசாலைகளிற் படிக்கின்றனர். அவர்களுட் சிலர் க.பொ.த. சாதாரண தரத்திற் தேறுகின்றனர். அதன்பின் என்ன ஆகின்றனர்? உயர்தர வகுப்பின் இரண்டாண்டுகளும், பரீட்சையும், அதற்கப்பால் பல்கலைக்கழகமும் ஆகிய இந்த நெடுவழியிலே அவர்களுட் பெரும்பாலோரை நாம் தொலைத்துவிடுகின்றோம். அப்பிள்ளைகளைக் குறிக்கும் சொற்களுக்கு மட்டும் குறைவில்லை. அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், இப்பொழுது பாடசாலை வழக்கிலே விசேட தேவையுடைய மாணவர் என்கின்றோம், தமிழ்நாட்டிலிருந்து வந்த மாற்றுத்திறனாளி என்னும் சொல்லும் நம் நாவிற் பழகிவிட்டது. சொல்லை மாற்றுவதில் நம்மவர் காட்டும் ஊக்கத்திற் பாதியை வகுப்பறையை மாற்றுவதிற் காட்டியிருந்தால் நான் இதனை எழுத வேண்டியிராது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பெண்கள், சிறுவர் ஆகியோரோடு இயலாமை உடையோரின் முன்னேற்றத்துக்கும் தனி ஏற்பாடு செய்ய இடந்தந்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதிற் பாரபட்சம் காட்டலாகாது என்றது. ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. உயர்கல்வியும் அவ்வுரிமையுள் அடங்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலிலே, உயர்தரத்தில் வேண்டிய தகுதி பெற்ற பார்வையற்றோரும் பிற இயலாமை உடையோரும் விசேட ஏற்பாட்டின் கீழ் விண்ணப்பிக்க வழி காட்டப்பட்டுள்ளது. ஆக, கோபுர வாசல் திறந்துதான் இருக்கின்றது. வாசல்வரை வருவதற்குப் பாதை எங்கே என்பதுதான் கேள்வி.

2012 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பு, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள மக்களுள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், நூற்றுக்கு 8.7 பேர், ஏதேனும் ஓர் இயலாமை உடையோர் என்று காட்டியது. அவர்களுட் பலர் முதியோர் என்பது மெய்யே. எனினும் மாணவ வயதினரும் அவர்களுள் இருக்கின்றனர். அவர்களைத் தேடிக் காண்பதற்குக் கணக்கெடுப்பு வேண்டியதில்லை. நம் வகுப்பின் இடாப்புப் போதும்.

அலவத்துகொடையைச் சுற்றியுள்ள நிலத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை குன்றுகளுக்கிடையே வளைந்து போகின்றது. சாலைக்கு மேலே வீடுகள், வீடுகளுக்கு மேலே வீடுகள், அவற்றுக்கெல்லாம் படிக்கட்டுகள். மலையை வெட்டித் தளம் அமைத்து எழுப்பிய பாடசாலைக் கட்டடங்களிலும் ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் படிகள். மழை பெய்தால் அவை பாசி பிடிக்கும். ஊன்றுகோலோடு நடக்கும் பிள்ளைக்கு இங்கே பாடத்தைக் காட்டிலும் பாடசாலையே கடினம்.

சிங்கள மொழியிற் கற்கும் பார்வையற்ற பிள்ளைக்கும் செவிப்புலன் அற்ற பிள்ளைக்கும் 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலை முதலாகப் பல இடங்கள் உள. தமிழ்மொழியிற் கற்கும் மலைநாட்டுப் பிள்ளைக்கு நாம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பெயர் கைதடி நவீல்ட் பாடசாலை. 1956 இல் அமைந்த அப்பாடசாலை செய்துள்ள தொண்டு பெரிது. ஆனால் அது யாழ்ப்பாணத்துக்கு அண்மையில் இருக்கின்றது. வியப்பு என்னவென்றால், அலவத்துகொடையின் கடைவீதியூடே செல்லும் ஏ-9 நெடுஞ்சாலைதான் கைதடியையும் தொட்டுச் செல்கின்றது. ஒரே சாலை, இடையிலே முந்நூறு கிலோமீற்றர் அளவு. போர்க்காலத்தில் அச்சாலை ஆண்டுக்கணக்காக மூடிக்கிடந்தது. சாலை திறந்த பின்னும், பத்து வயதுப் பிள்ளையை அவ்வளவு தொலைவிலே விடுதியில் விடுவதற்கு எந்தத் தாய் உடனே இசைவாள்? ஆதலின் பெரும்பாலான பிள்ளைகள் உள்ளூர்ப் பாடசாலையிலேயே, மற்றவரோடு மற்றவராய், தனி உதவி யாதுமின்றிப் படிக்கின்றனர். சாதாரண தரம் வரை ஒருவாறு ஓடும். உயர்தரத்தில்தான் வண்டி நிற்கும்.

அங்கே முதலில் எழுவது எந்தத் துறை என்னும் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே பார்வை மிகக் குன்றிய மாணவி ஒருத்தி இருந்தாள். புத்தகத்தை மூக்கருகே பிடித்து வாசிப்பாள். தமிழிலும் நல்ல புள்ளிகள் பெற்றாள். ஆயினும் அவள் உள்ளம் கணிதத்திலே இருந்தது. உயர்தரத்தில் கணிதம் படிக்க விரும்பி வேறொரு பாடசாலைக்குச் சென்று கேட்டாள். ஆய்வுகூடம் மேல்மாடியில் இருக்கின்றது, கரும்பலகையைப் பார்க்க முடியாது, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்று மூன்று காரணம் சொன்னார்கள். ஒன்றும் அவளுடைய கணித அறிவைப் பற்றியதன்று. “கண் தெரியாத பிள்ளைக்குத் தமிழும் சமயமும் போதுமே, ஐயா, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்” என்று எனக்கும் புத்தி சொல்லப்பட்டது. அவள் கலைப்பிரிவிற் சேர்ந்தாள், நன்றாகத் தேறினாள், பட்டமும் பெற்றாள். இன்றும் பொங்கல் வாழ்த்து அனுப்பும்போது அதனடியில் ஒரு கணக்குப் புதிரை எழுதி அனுப்புவாள். என்னால் ஒன்றையும் விடுவிக்க முடிந்ததில்லை.

நான் தமிழ் கற்பிப்பவன். ‘தமிழும் சமயமும் போதும்’ என்னும் சொல் அந்தப் பிள்ளையை மட்டுமன்றித் தமிழையும் இழித்துரைப்பது என்றே கொள்கின்றேன். வேறெதற்கும் ஆகாதவர் வந்து ஒதுங்கும் திண்ணையா தமிழ்? விரும்பி வருபவர் கண்ணுடையவராயினும் அல்லராயினும் வரவேற்போம். படிக்கட்டு விரட்டியதால் வருபவரை வரவேற்பதில் நமக்கு என்ன பெருமை? பிள்ளையின் துறையைப் பிள்ளையின் நாட்டம் முடிவுசெய்ய வேண்டும், கட்டடம் முடிவுசெய்யலாகாது. கட்டடத்தை மாற்றப் பணம் வேண்டும் என்பர். கால அட்டவணையை மாற்ற என்ன பணம் வேண்டும்? ஒரு வகுப்பிலே படியேற இயலாத பிள்ளை ஒன்று இருந்தால் அந்த வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு இறக்குவது, அதிபர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதிற் செய்து முடிக்கக்கூடிய காரியம்.

கட்டடங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுக் கட்டடங்களை யாவரும் அணுகத்தக்கவாறு அமைக்கவேண்டும் என்னும் ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளிவந்தன. அவை ஏட்டளவில் நின்றமை கண்டு, சக்கர நாற்காலியில் இயங்கிய அஜித் சி. எஸ். பெரேரா அவர்கள் தாமே உயர் நீதிமன்றத்தில் வழக்காடி 2011 இல் அவ்விதிகளுக்கு உயிர் கொடுக்கும் கட்டளையைப் பெற்றார். புதிதாக எழும் பாடசாலைக் கட்டடங்களும் இதனுள் அடங்குவனவே. அடிக்கல் நாட்டு விழாவுக்கு அழைக்கப்படும் பெற்றார், மாலை மரியாதைக்கு முன்னதாகச் சாய்தளம் எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் நன்று.

அடுத்தது பரீட்சை. விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரமும், பிரெயில் வினாத்தாளும், சொல்வதை எழுதித் தருபவரின் துணையும் வழங்கப் பரீட்சைத் திணைக்களத்தில் ஏற்பாடு உண்டு. உரிய காலத்தில், உரிய மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். இதனை அறியாத பாடசாலைகள் இன்னும் உள்ளன. அறிந்த பாடசாலைகளிலும், பிள்ளை தனக்காக எழுதுபவரைப் பரீட்சை நாளன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கும். இது நீந்தத் தெரியாதவனை ஓடத்திலேற்றி, ஓடக்காரன் யாரென்று நடு ஆற்றிலே காட்டுவது போன்றது.

தமிழ் வினாத்தாளில் இதன் இடர்ப்பாடு எத்தகையது என்பதைத் தமிழாசிரியர்களே நன்கு அறிவர். மாணவன் ‘பணி’ என்பான். எழுதுபவர் ‘பனி’ என்று எழுதுவார். ‘அரம்’ வேறு, ‘அறம்’ வேறு. நம் அன்றாடப் பேச்சிலே அவற்றின் ஒலி வேறுபாடு தேய்ந்து போயிற்று. வல்லினம் மிகுமிடத்தை மாணவன் அறிந்திருந்தும், எழுதுபவர் அறியாவிடின் பிழை மாணவன் கணக்கிலேயே ஏறும். செய்யுளைச் சீர் பிரித்துச் சொல்வதற்கும், அதைக் கேட்டு எழுதுவதற்கும் இருவருக்கும் பயிற்சி வேண்டும். எனவே பத்தாம் வகுப்பிலிருந்தே தவணைப் பரீட்சைகளை அந்த முறையிலேயே எழுதச்செய்தல் வேண்டும். அதனினும் சிறந்தது, பிள்ளை தானே எழுதப் பழகுவது. பிரெயிலாயினும் சரி, கணினித் தட்டச்சாயினும் சரி, தன் பிழையைத் தானே செய்து தானே திருத்திக்கொள்ளும் உரிமை மாணவனுக்கு வேண்டும். எழுதித் தருபவரையே நம்பிப் பன்னிரண்டாண்டு கழித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதல் ஒப்படையை எழுதச் சொல்லும்போது கை கட்டி நிற்கும்.

பிரெயில் என்றவுடன் அது நமக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒரு புள்ளிக்கலை என்று தமிழ் ஆசிரியர்கள் விலகிப்போகின்றனர். ஓர் இலக்கண விருந்தை இழக்கின்றனர் என்பேன். லூயி பிரெயிலின் ஆறு புள்ளிகளைக் கொண்டே இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த பாரதி பிரெயில் முறையில் தமிழும் எழுதப்படுகின்றது. அச்சிலே ‘கெ’ என்று எழுதுங்கால் கொம்பு முன்னே நிற்கின்றது. ‘கொ’ என்றாலோ மெய்யின் இருபுறமும் குறிகள். பிரெயிலில் அக்குழப்பம் இல்லை. ககரக் குறி முதலில். எகரமோ ஒகரமோ அதன் பின். மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்று தொல்காப்பியனார் வகுத்தாரே, அந்த ஒலிமுறைக்கு இயைந்து நிற்பது நம் அச்செழுத்தன்று. விரல் நுனியாற் படிக்கும் இந்தப் புள்ளியெழுத்தே. உயிர்மெய்ப் புணர்ச்சியைக் கற்பிக்கும் பாடத்தில் ஒரு நாள் பிரெயில் அட்டையைக் கொண்டுசென்று பாருங்கள்.

ஆனால் உயர்தரத்துக்குரிய நூல்கள் யாவும் பிரெயிலில் கிடைக்கும் என்று காத்திருந்தால் பரீட்சை முடிந்துவிடும். இக்காலத்திலே கணினியும் கைப்பேசியும் எழுத்தைப் படித்துச் சொல்லுகின்றன. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் தமிழையும் வாசிக்கும். அவற்றுள் இலவசமாகக் கிடைப்பனவும் உண்டு. இங்கேதான் ஆசிரியர்களாகிய நம்முடைய பங்கு வருகின்றது. நம் நாட்டிலே பாடக் குறிப்புகளையும் மாதிரி வினாத்தாள்களையும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலேயே இன்னும் பலர் தட்டச்சு செய்கின்றனர். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினியின் வயிற்றிலே இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். திரைவாசிப்பான் அதனை ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று படிக்கும். மூன்று மணி நேரம் அமர்ந்து நாம் அருமையாக ஆக்கிய குறிப்பு, பார்வையற்ற மாணவன் செவியில் அவ்வாறுதான் விழுகின்றது. அதே குறிப்பை யூனிகோட் முறையில் அடித்தால் ‘தமிழ்’ என்றே ஒலிக்கும். தமிழ் 1991 இலேயே யூனிகோட்டில் இடம்பெற்றுவிட்டது. நாமோ இன்னும் பாமினியை விட மனமின்றி இருக்கின்றோம். விசைப்பலகை கைக்குப் பழகிவிட்டது என்பது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. யூனிகோட்டிலும் அதே விசையமைப்பில் அடிக்க வழியுண்டு என்பதனால் அக்காரணமும் நில்லாது.

படமாகப் பிடித்து அனுப்பும் பக்கங்களும் இத்தகையனவே. வட்ஸ்அப் வழியே கரும்பலகையைப் படம்பிடித்து அனுப்பிவிட்டு, பாடம் அனுப்பியாயிற்று என்கின்றோம். படத்தைக் கருவி எழுத்தாக வாசியாது. அதனை எழுத்தாக மாற்ற வேறொரு வேலை வேண்டும். நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களைத் திரட்டிக் காத்துவரும் அரும்பணிக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். ஆயினும் அங்குள்ள நூல்களிற் பெரும்பாலானவை பக்கங்களின் படிமங்களே. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் எழுத்தாகவே உள. கண் தெரியாத மாணவன் ஒருவன் எவர் துணையுமின்றி இரவிலே கம்பராமாயணத்தைத் தன் கைப்பேசியிற் கேட்கலாம். அந்தகக்கவிக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

செவிப்புலன் அற்ற பிள்ளையின் நிலை இதனினும் அரிது. அப்பிள்ளைக்குச் சைகைமொழியே தாய்மொழி. தமிழ் கண்ணாற் கற்கும் இரண்டாம் மொழி. நாமோ ‘நான் நேற்றுப் போகிறேன்’ என்று அது எழுதினால் அறிவுக் குறைவு என்று எண்ணிவிடுகின்றோம். காதால் ஒருபோதும் கேளாத இடைநிலையையும் விகுதியையும் அப்பிள்ளை வேறெப்படிப் பெறும்? பட்டியலிட்டு, எழுதிக் காட்டி, மீண்டும் மீண்டும் கண்ணுக்கு முன்னே நிறுத்த வேண்டும். தாய்மொழிப் பாடத்துச் சித்தி உயர்தரத்துக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்றாதலின், அப்பிள்ளைகளை வழியிலே நிறுத்திவிடும் வாயிற்காவலர் பெரும்பாலும் தமிழாசிரியர்களே. சென்னை மாநிலக் கல்லூரியிலே 2007 முதல் செவிப்புலன் அற்ற மாணவர்க்கென வணிகவியற் பட்ட வகுப்பு நடைபெற்று வருகின்றது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயல்வது இங்கே இயலாதா?

இனி, பல்கலைக்கழகம். நமக்கு அண்மையில் உள்ளது பேராதனை. மகாவலிக் கரையும் அந்தானை மலையடியும் சேர்ந்த அவ்வளாகத்தின் அழகுக்கு ஈடில்லை. அவ்வழகு முழுவதும் மேடும் பள்ளமும் ஆனது. நம் மாணவன் அங்கே முதல் நாள் செல்லும்போது விடுதி எது, விரிவுரை மண்டபம் எது, நூலகத்துக்குப் படியில்லாத வழி எது என்று எவர் சொல்லுவார்? அனுமதிக் கடிதம் வந்த அன்று பாடசாலையிலே பாராட்டு விழா எடுக்கின்றோம். பத்திரிகையிலே படம் போடுகின்றோம். அத்தோடு நம் கடமை முடிந்ததென்று கைகழுவுகின்றோம். அந்தப் பிள்ளை எவ்வளவு பெரிய எழுத்தை வாசிக்கும், எக்காதிலே கேட்கும், எத்தகைய மேசை வேண்டும், எவ்வளவு நேரம் கூடுதலாக வேண்டும் என்பவற்றையெல்லாம் பதின்மூன்றாண்டுகளாக அறிந்தவர் நாம். அவ்வறிவு பாடசாலை வாசலிலேயே தங்கிவிடுகின்றது. பல்கலைக்கழகம் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் சட்டம், இத்தகைய மாணவர்க்குப் பதினாறு வயதாகும்போதே, பாடசாலைக்குப் பின் செல்லும் வழியை வகுத்து எழுதிவைக்கப் பாடசாலையைக் கட்டாயப்படுத்துகின்றது. இந்தியா 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், அரசினதும் அரசின் நிதியுதவி பெறுவனவுமான உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. இடஒதுக்கீடு வேண்டற்பாலதே, ஆனால் என் மனம் அமெரிக்கர் முறையிலேயே செல்கின்றது. இடம் இருந்தும் சென்று சேராதவருக்கு ஒதுக்கீடு என்ன செய்யும்?

எகிப்து நாட்டுத் தாஹா ஹுசைன் வரலாற்றை அக்குறணை, அலவத்துகொடைப் பக்கத்து முஸ்லிம் அன்பர்கள் பலர் அறிந்திருப்பர். குழந்தைப் பருவத்திலே பார்வை இழந்த அவர், குர்ஆனை மனனஞ் செய்து, அல் அஸ்ஹரிற் பயின்று, 1914 இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தின் முதற் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார். பிரான்சிலே படித்த காலத்தில் அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டிய சுசான் என்னும் பெண்மணியே பின் அவருக்கு வாழ்க்கைத் துணையானார். 1950 இல் கல்வி அமைச்சராகி, ஏழை மக்களுக்கும் இலவசக் கல்வியின் வாயிலை அகலத் திறந்தார். இவரையும் நாம் மேடையிலே புகழ்வோம். ஆனால் அவருக்கு ஒரு சுசான் வாசித்தாள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் அமைச்சும் திணைக்களமும் செய்ய வேண்டியவை பல. அவற்றைப் பற்றி எழுத வேறு பலர் உளர். பாடசாலை அளவில் இப்போதே தொடங்கக்கூடியதையே நான் கேட்கின்றேன். கண்டி, மாத்தளைப் பகுதித் தமிழாசிரியர்கள் தத்தம் பாடசாலையிலே பத்தாம் வகுப்பில் இத்தகைய பிள்ளைகள் யார் யார் என்று இந்தத் தவணையிலேயே பார்க்கட்டும். பெற்றாரை அழைத்து, உயர்தரம் படிக்கலாம், பல்கலைக்கழகத்தில் விசேட ஏற்பாடு உண்டு என்று சொல்லட்டும்; இச்செய்தி பல வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை. பரீட்சைச் சலுகைக்கான மருத்துவச் சான்றைப் பரீட்சை ஆண்டு வரும்வரை காத்திராமல் எடுத்துவைக்கட்டும். விடுமுறையிலே நான்கைந்து பேர் கூடி, உயர்தரத் தமிழ்ப் பாடத்துக்குரிய குறிப்புகளையும் கடந்த ஆண்டு வினாத்தாள்களையும் பகிர்ந்துகொண்டு யூனிகோட்டில் அடித்தால், ஒரு தவணைக்குள் ஒரு பாடம் முழுவதும் முடியும். என் பங்குக்குச் செய்யுட் பகுதியைத் தொடங்கியிருக்கின்றேன். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் ஆகின்றது. உரைநடைப் பகுதிக்கு இன்னும் ஆள் வேண்டும்.